கண்டனத் தீர்மானமா, உதவி மேசையா?

1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம். யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி சபைகள் அதற்கெதிராக என்ன செய்யலாம்?

கண்டனத் தீர்மானம் போடலாம். செலவில்லை, ஊரின் குரல் பதிவாகும். ஆனால் பொலிஸார் சபையின் கட்டுப்பாட்டில் இல்லை, தீர்மானம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவின் ஆர்க்காட்டா நகரசபை 2003இல் ஒரு படி மேலே போய், அந்த நாட்டின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமான பேட்ரியட் சட்டத்துக்குத் தானாக ஒத்துழைக்கும் நகர அதிகாரிக்கு 57 டொலர் தண்டம் என்று விதியே செய்தது.

என் தெரிவு மற்றது: பிரதேச சபை அலுவலகத்தில் ஒரு உதவி மேசை. மகனைப் பிடித்துக்கொண்டு போனால் தாய் முதலில் கேட்பது, “எங்க வச்சிருக்கினம்?” என்றுதான். பிடித்தவர்கள் கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அதன் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், அதுவும் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதைச் சொல்ல ஆளில்லாமல் நாள் கடந்துபோனால் மனுவே போய்விடும். 2022 திருத்தத்துக்குப் பிறகும் 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

தீர்மானமும் வரட்டும், சரி. பாதீட்டில் முதல் காசு மேசைக்கும், கிழமைக்கு ஒருநாள் வந்திருக்கும் சட்டத்தரணிக்கும் ஒதுக்கட்டும்.