பதினாறு மாத நீல முடி: பத்து நாள் நீலம், மீதி நாள் பச்சை

போன வாரம் நண்பன் ஒருவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "டேய், நானும் உன்ன மாதிரி நீலக் கலர் போடலாம்னு இருக்கேன். சைடுல ஃபேட், மேல முழுக்க நீலம். என்ன சொல்ற?" ஃபேட் என்றால் காதோரம் ஒட்ட வெட்டி, மேலே போகப் போக முடியைக் கூட்டும் கட்டிங். அவன் பார்த்தது நான் கலர் போட்ட மறுநாள் எடுத்த படம். பதில் சொல்லும் முன் கண்ணாடி முன்னால் நின்று அன்றைய தலையைப் படமெடுத்து அனுப்பினேன். கலர் போட்ட இருபத்தாறாவது நாள். உச்சியில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருந்தது. நெற்றிப் பக்கம் பாசி படிந்த தொட்டித் தண்ணீரின் நிறம். அடியில் அரைவிரல் அகலத்துக்குக் கருப்பு.

"இதுவும் அதே நீலமா?" என்று கேட்டான். அதே நீலம்தான். அதனால்தான் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதினாறு மாதமாகக் கலர் முடியோடு இருக்கிறேன். நடுவில் மூன்று மாதம் சிவப்பு, மற்றபடி நீலம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. உச்சியில் என் முடி ஏழு சென்டிமீட்டர் என்பதால், முதல் நாள் ப்ளீச் பட்ட முடியில் ஓர் இழைகூட இப்போது என் தலையில் இல்லை. இரண்டு முறை முழுக்க மாறிவிட்டது. ப்ளீச், அதில் கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர், கழுவக் கழுவப் போகும் செமி பெர்மனென்ட் கலர் இதெல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். பாட்டில் பின்னால் போட்டிருப்பதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாட்டில் பின்னால் போடாத அந்தப் பச்சையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கருமுடியை ப்ளீச் செய்தால் அது நேராக வெள்ளையாவதில்லை. முதலில் சிவப்பு கலந்த பழுப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர் மஞ்சள். அதற்கு மேல் போனால் முடி தாங்காது. ஆகவே நீலம் எப்போதும் ஒரு மஞ்சளின் மேல்தான் உட்காருகிறது. ஒவ்வொரு முறை தலை குளிக்கும்போதும் நீலம் கொஞ்சம் கழுவிப் போகும், மஞ்சள் அப்படியே இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கலர் சார்ட்டில் பளபளவென்று தொங்கிய அந்தக் கற்றையைத் தொட்டுப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. முதல் நாள் நிறத்தைக் காட்டும் சார்ட்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. இருபதாம் நாள் நிறத்தைக் காட்டும் சார்ட்டை நான் இதுவரை எங்கேயும் பார்க்கவில்லை. இந்தப் பதினாறு மாதத்தில் எனக்கு அடங்காத கோபம் இது ஒன்றுதான்.

ஏனென்றால் நாம் தலையில் சுமப்பது முதல் நாள் நிறத்தை அல்ல. நீலம் நீலமாக இருந்தது பத்து நாள். பிறகு மயில் கழுத்து நிறமாக நாலைந்து நாள். அந்த நாலைந்து நாள் உண்மையிலேயே அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு பச்சை, பச்சை, பச்சை. அந்தப் பச்சை கிளம்பவும் மாட்டேன் என்கிறது. நீலம் போன வேகத்தில் அது போவதில்லை. வெளிறி வெளிறி வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ளீச் போட்டு எடுக்கலாம் என்று பார்த்தால் முடிதான் கெடுகிறதே தவிரப் பச்சை முழுதாகப் போகவில்லை. கடைசியில் நான் கண்டுகொண்ட வழி எதிர்நிறம். ஒரு கிண்ணம் வெள்ளைக் கண்டிஷனரில் பட்டாணி அளவு பிங்க் கலரைக் கலந்து பத்து நிமிடம் வைத்தேன். பச்சை மங்கி ஒருவகைச் சாம்பல் நிறம் வந்தது. நான் ஆசைப்பட்ட நிறம் இல்லை, ஆனாலும் வெளியே போக முடிந்தது.

எட்டாவது மாதத்தில்தான் சரியான வழி பிடிபட்டது. நீலம் வைக்கும் முன் ஊதா டோனரால் மஞ்சளை அடக்க வேண்டும். இல்லையென்றால் நீலத்திலேயே கொஞ்சம் ஊதா கலந்துவிட வேண்டும். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா, ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். அப்படிக் கலந்து வைத்ததில் பத்து நாள் பதினெட்டு நாளானது. வாரம் ஒருமுறை கண்டிஷனரில் ஒரு ஸ்பூன் கலர் கலந்து தேய்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். இதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிச்சம்.

ஆகவே நண்பனுக்குச் சொன்னது: எந்த நிறம் பிடிக்கும் என்று யோசிக்காதே, அது வெளிறும்போது என்னவாகும் என்று யோசி. சிவப்பு வெளிறினால் செம்பாகவோ ரோஜாவாகவோ போகும். செம்பு நிறம் வெளிறினால் பொன்னிறம். ஊதா வெளிறினால் மஞ்சளைத் தானே அடக்கிக்கொண்டு சாம்பல் கலந்த வெளிர் நிறத்தில் நிற்கும். இவை எல்லாமே தலையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடிய நிறங்கள். சிவப்புக்கும் செம்புக்கும் இன்னொரு நன்மை உண்டு. வெளிர் மஞ்சள் வரை போக வேண்டாம், ஆரஞ்சிலேயே நிறுத்தி மேலே பூசிவிடலாம். முடிக்குப் பாதி அடிதான் விழும். கருமுடிக்காரர்கள் யாரும் நீலத்தில் ஆரம்பிக்கக் கூடாது என்று இப்போது உறுதியாகவே சொல்வேன்.

கலரே வைக்காமல் மஞ்சளோடு நிற்பதும் ஒரு வழி. 1998 உலகக் கோப்பைக் கால்பந்தில் ருமேனிய அணி, துனீசியாவுடன் ஆடிய அன்று கிட்டத்தட்ட மொத்தமாக மஞ்சள் முடியோடு களமிறங்கியது. பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அது கலரே இல்லை, வெறும் ப்ளீச். கழுவிப்போக ஒன்றுமில்லை, வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பூ போட்டால் போதும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் மட்டும் கவனம். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு உலோகம், ப்ளீச் செய்த முடியில் ஏறினால் அங்கேயும் வந்து நிற்பது பச்சைதான்.

இனி கட்டிங். பெண்கள் எழுதும் ஹேர் கலர் அனுபவங்களைப் படித்துவிட்டு நாம் அப்படியே செய்ய முடியாது, காரணம் கிளிப்பர், முடி வெட்டும் மெஷின். பக்கவாட்டில் அதில் 2 நம்பர் சீப்பு மாட்டி வெட்டினால் ஆறு மில்லிமீட்டர் முடி நிற்கும். ஆறு மில்லிமீட்டர் வளரப் பதினெட்டு நாள். அதாவது சைடில் கலர் போட்டால் பதினெட்டு நாளில் அது முழுக்க மேலே வந்துவிடும், அடுத்த கட்டிங்கில் மொத்தமும் தரையில் கிடக்கும். நான் முதல் தடவை சைடுக்கும் சேர்த்து ப்ளீச் போட்டேன். எரிச்சலும் நேரமும் பணமும் மூன்றாவது வாரம் துடைப்பத்தோடு போயிற்று. சைடைக் கருப்பாகவே விட்டுவிட்டு உச்சியில் மட்டும் போட வேண்டும். கருப்பு ஃபேடுக்கு மேல் கலர் நிற்பதுதான் எடுப்பும்கூட, ரூட், அதாவது அடியில் புதிதாக வளரும் முடி, அந்தக் கருப்போடு சேர்ந்து கண்ணை உறுத்தாது.

குட்டை முடிக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. தலைச்சூட்டினால் மண்டையை ஒட்டிய ஒரு சென்டிமீட்டரில் ப்ளீச் சீக்கிரம் வேலை செய்யும். நீள முடியில் அதனால்தான் அடி மஞ்சளாகவும் நுனி ஆரஞ்சாகவும் திட்டுத் திட்டாக வரும். மூன்று சென்டிமீட்டர் க்ராப்பில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. முடி கெட்டால்கூட ஆறேழு மாதத்தில் வெட்டியே தீர்த்துவிடலாம். இடுப்பு வரை முடி உள்ளவருக்கு அதே தவறு பல வருடக் கதை.

தவறு என்றதும் அந்த ஐந்தாவது மாதம் ஞாபகம் வருகிறது. வழக்கமாக வெட்டுகிறவர் ஊரில் இல்லாததால் வேறொரு சலூனுக்குப் போனேன். அங்கே ஃபேட் எடுத்த கை நல்ல கை, அதைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. கழுத்துக்குப் பின்னால் அவ்வளவு சுத்தமாக யாரும் எனக்கு எடுத்ததில்லை. ஆனால் ரூட்டுக்கு மட்டும் வைக்க வேண்டிய ப்ளீச்சை, ஏற்கெனவே ப்ளீச் ஆன நுனி வரைக்கும் இழுத்துவிட்டார். டெவலப்பரும் 40 வால்யூம், அதாவது 12 சதவீதம். தலைத்தோலை ஒட்டி வைக்க 20 வால்யூம் போதும், 6 சதவீதம். எரிகிறது என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். கழுவும்போது நெற்றியோரம் ஓர் இழையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஈர முடி ரப்பர் மாதிரி நீண்டது, திரும்பச் சுருங்கவில்லை, சத்தமே இல்லாமல் அறுந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மண்டையில் இரண்டு இடத்தில் கொப்புளம். அவசரப்பட்டு ஒரே நாளில் முடித்துக் கொடுங்கள் என்று கேட்டது நான்தான், அந்தப் பங்கு எனக்கு உண்டு. எரிகிறது என்று சொன்ன பிறகும் கழுவாமல் விட்டது அவருடைய பங்கு. இன்றைக்கும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவர் எரிகிறது என்றால் உடனே கழுவ வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

பேட்ச் டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நீலம், சிவப்பு என்றால் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் கடுமையான ஒவ்வாமைக்குப் பேர்போன பிபிடி என்ற ரசாயனம் பெரும்பாலும் இருப்பது கருப்பு, அடர்பழுப்பு நிரந்தரச் சாயங்களில். போதும் என்று மறுபடி கருப்புக்குத் திரும்புகிற அன்றுதான் கூடுதல் கவனம் தேவை. எந்தக் கலராக இருந்தாலும் காதுக்குப் பின்னால் துளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிடுங்கள். முன்பு கலவை மருதாணியோ உலோக உப்புள்ள சாயமோ போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ப்ளீச் அதோடு சேர்ந்து சூடேறி முடியையே பொசுக்கிவிடும்.

சாயம் இறங்குவது பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, இறங்கும். தலையணை உறை, துண்டு, ஹெல்மெட்டின் உட்புறம் எல்லாம் நீலம். சிவப்பு வைத்த மூன்று மாதம் இன்னும் மோசம். மழையில் நனைந்து வந்த ஒருநாள் வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தக் கறை போல இருந்ததைப் பார்த்து அம்மா அலறிவிட்டாள். கருநிறத் துண்டு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். என் முடி படிந்த முடி. என்ன ஜெல் போட்டாலும் மதியத்துக்குள் நெற்றியில் விழுந்துவிடும். ப்ளீச் பட்டபின் இழையின் மேல்தோல் சொரசொரப்பாகி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. காலையில் கையால் கோதினால் போதும், இரவு வரை அப்படியே. இருபது வருடமாக நான் ஏங்கிய விஷயம் இது. அடுத்தது, கட்டிங் கண்ணுக்குத் தெரிகிறது. கருமுடியில் எவ்வளவு நுணுக்கமாக லேயர் எடுத்தாலும் தூரத்திலிருந்து ஒரே கருப்புதான். கலர் வந்த பிறகு ஒவ்வொரு கத்திரி வெட்டும் தனித்தனியாக, இறகு அடுக்கிய மாதிரித் தெரிகிறது. எனக்கு முடி வெட்டும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி என் வேலை வெளிய தெரியுது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அரைமணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம்தான் உட்கார்ந்திருந்தேன். நண்பனுக்கு அனுப்பிய அதே தலை. மனசு விட்டுப்போய், இனிமேல் கலரே வேண்டாம் என்ற முடிவோடுதான் போயிருந்தேன். சைடை எடுத்து முடித்து உச்சிக்கு வந்தார். மடியில் விரித்த துணியில் கருப்பு இழைகளுக்கு நடுவே பச்சையும் நீலமுமாகத் துணுக்குகள் விழுந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் நீலம், நுனியில் பச்சை, எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்குள்.

"மிச்சத்தையும் எடுத்துட்டு கருப்பிலேயே விட்டுடலாமா தம்பி?" என்றார்.

"நுனி மட்டும் எடுங்கண்ணே. ரூட்டுக்கு ப்ளீச் எப்ப வரட்டும்?"

சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். ஊதா கொஞ்சம் கூடுதலாகக் கலந்து நீலம்தான். நண்பனிடம் நீலம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் செம்பு நிறம் போடுகிறான்.