நூலகத்தின் பின்னறையில் ஓர் இலவச வரித் தாக்கல்

சென்ற ஆண்டு எங்கள் வருமான வரிப் படிவத்தை நிரப்பித் தந்த கடைக்காரர், தம் கூலியான 380 டாலரை எங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வரிப்பணமான ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொண்டார். கையிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை என்பதால் அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் அது எங்கள் வீட்டின் இரண்டு வார மளிகைச் செலவு என்பது உறைத்தது. எனவே இந்த ஆண்டு, 2024ஆம் ஆண்டின் வருமானத்துக்கான படிவத்தை, நியூ ஜெர்சியில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பொது நூலகத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச வரி உதவி மையத்தில் தாக்கல் செய்தோம். நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருந்தும், இலவசம் என்றால் எப்படி இருக்குமோ என்று தயங்குவதைப் பார்த்திருப்பதால், கண்டதை எழுதுகிறேன்.

இத்தகைய மையங்களை இங்கே ‘விட்டா’ என்று அழைக்கிறார்கள். வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 1969 முதல் ஆதரித்து வரும் தன்னார்வலர் திட்டம் இது. பொதுவாக ஆண்டு வருமானம் (2024க்கு) ஏறத்தாழ 67,000 டாலருக்குள் இருப்பவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் இங்கே கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். கணவர் செயலி வழி வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒருவருக்கு டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று, மற்றவருக்கு 1099 என்ற சுயதொழில் வருமானச் சான்று, இரண்டு பிள்ளைகள் என்ற எங்கள் நிலை இந்த வரம்புக்குள் வசதியாகவே அடங்கியது.

முதலில் எங்களிடம் 13614-சி என்ற கேள்விப் படிவத்தைக் கொடுத்தார்கள். அதை நாங்கள் நிரப்பிக் கொடுத்த பிறகும், எதிரே அமர்ந்திருந்த தன்னார்வலரான கல்லூரி மாணவி ஒவ்வொரு கேள்வியையும் மீண்டும் வாய்விட்டுக் கேட்டார். என்ன இது, எழுதியதையே திரும்பக் கேட்கிறாரே என்று எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்று, வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா என்பது. கடைக்காரர் எங்களிடம் ஒருபோதும் கேட்காத கேள்வி அது. திருச்சியில் எங்களுக்கு ஓர் என்.ஆர்.ஈ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) இருக்கிறது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அப்படியில்லை, அமெரிக்காவில் வரி செலுத்தும் நிலையில் வசிப்பவர் உலகில் எங்கே ஈட்டிய வட்டியையும் இங்கே காட்ட வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டின் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் கருவூலத் துறைக்குத் தனியாக ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். நல்ல வேளையாக எங்கள் கணக்கில் அவ்வளவு பணம் இருந்ததில்லை.

இந்த மாணவியைப் போன்றவர்கள் ஐ.ஆர்.எஸ். நடத்தும் தேர்வில் குறைந்தது 80 விழுக்காடு பெற்றால்தான் படிவத்தைத் தொட முடியும். கணவருடையதைப் போன்ற சுயதொழில் கணக்கென்றால் மேல்நிலைத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிறவர் எந்தத் தேர்வும் எழுதியிருக்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அப்படிக் கட்டாயமாக்க ஐ.ஆர்.எஸ். செய்த முயற்சியையும் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. காசு வாங்காதவருக்குத் தேர்வு, காசு வாங்குகிறவருக்கு ஒரு பதிவு எண் போதும்.

மாணவி முடித்ததும் படிவம் மறுசரிபார்ப்புக்காக இன்னொருவரிடம் போனது. ஓய்வுபெற்ற முதியவர் அவர். டபிள்யூ-2 தாளின் மேல் மர அடிக்கோலை வைத்து, வரிவரியாக இறக்கிக்கொண்டே ஒவ்வோர் எண்ணையும் திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டார். எங்கள் காசோலையிலிருந்த கணக்கு எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தபோது, திரையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. அது அப்படியே போயிருந்தால் ரீஃபண்ட் யார் கணக்கைத் தேடிப் போயிருக்குமோ! கணவர் வைத்திருந்த மைல் கணக்கு நோட்டையும் விடவில்லை. 2024க்குத் தொழிலுக்காக ஓடிய மைலுக்கு 67 சென்ட் வீதம் வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்றாலும், வீட்டிலிருந்து கிளம்பி முதல் சவாரிக்கான வேண்டுகோளை ஏற்பதற்கு முன் சொந்த வேலையாக ஓடிய தூரத்தை அதில் சேர்க்க முடியாது என்று சிலவற்றை அடித்துவிட்டார். எங்களுக்குச் சற்று நட்டம்தான். ஆனால் நியாயமான நட்டம்.

இந்த இரண்டாவது ஆளின் கண்ணுக்கு யார் செலவழிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, மையத்தின் மேல் என் மதிப்பு கூடியது. தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி தரவும், நாள் ஒதுக்கவும், மறுசரிபார்ப்பு நடக்கிறதா என்று பார்க்கவும் சம்பளம் பெறும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். மடிக்கணினியும் அச்சுப்பொறியும் வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 2007 டிசம்பரில் முதன்முறையாக 80 லட்சம் டாலர் ஒதுக்கி இதற்கென ஒரு மானியத்தைத் தொடங்கியது. 2019இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அதை நிரந்தரமாக்கி, ஆண்டுக்கு 3 கோடி டாலர் வரை வழங்கலாம் என்று வகுத்ததோடு, ஒருங்கிணைப்பாளரின் ஊதியம், பயிற்சி, மறுசரிபார்ப்பு, கருவிகள், தொலைதூரக் கிராமங்களுக்குப் போகும் வண்டிச் செலவு, வரியோடு சேர்த்துச் சேமிப்புக் கணக்கு தொடங்க உதவுவது என்று எவற்றுக்குச் செலவிடலாம் என்பதையும் சொல்கிறது. ஆனால் அரசு ஒரு டாலர் தந்தால் தொண்டு நிறுவனமும் தன் பங்காக ஒரு டாலரைக் காட்ட வேண்டும். கொடையாளர் நிறைந்த ஊருக்கு இது எளிது. யாருக்கு இந்த உதவி மிகவும் வேண்டுமோ, அந்த ஏழைப் பகுதியில்தான் ஈடு காட்டும் பணம் கிடைப்பது கடினம். சமநீதிக்கென்று தரும் மானியத்தில் இந்த நிபந்தனை எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனெனில் இங்கே பந்தயத்தில் இருப்பது சின்னத் தொகையன்று. உழைத்துச் சம்பாதிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இ.ஐ.டி.சி. என்ற வரிச்சலுகை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் 2024க்கு 7,830 டாலர் வரை போகும். கூட்டரசு தருவதில் 40 விழுக்காட்டை நியூ ஜெர்சி தன் பங்காக மேலும் தருகிறது. தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது.

குறைகளும் உண்டு. பிப்ரவரித் தொடக்கத்தில் அழைத்த எங்களுக்கு மார்ச் மூன்றாவது வாரத்தில்தான் நேரம் கிடைத்தது. மையம் வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமை காலையும் மட்டுமே திறந்திருக்கிறது. சவாரிக்குப் போகாமல் சனிக்கிழமையை இழப்பது ஓட்டுநருக்குப் பெரிய இழப்பு. குறித்த நேரத்துக்குப் போயும் 50 நிமிடம் காத்திருந்தோம். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்த இன்னொரு தமிழ்க் குடும்பத்தை, அது இவர்களுடைய வரம்புக்குள் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியதில் தவறில்லை, தெரியாததைத் தொடாமல் இருப்பதே நேர்மை. ஆனால் நேரம் ஒதுக்கும்போதே தொலைபேசியில் கேட்டிருந்தால் அவர்களுக்கு ஓர் அரைநாள் மிச்சமாகியிருக்கும். கடையில் விட்டுப்போன என்.ஆர்.ஈ. வட்டிக்காகச் சென்ற ஆண்டுப் படிவத்தைத் திருத்த வேண்டும். தாக்கலுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 கழிந்து நெரிசல் குறைந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் ஜனவரியிலேயே அழைத்து நேரம் வாங்கிவிடுங்கள். புகைப்பட அடையாள அட்டை, பிள்ளைகள் உட்பட அனைவரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், சென்ற ஆண்டுப் படிவத்தின் நகல், ஒரு காசோலை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்வதானால் இருவரும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். இது தெரியாமல் தனியாக வந்திருந்த ஒரு பெண்மணி, நாங்கள் கிளம்பும்போதும் கைப்பேசியில் கணவரை வரச்சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்.