'காப்பிரைட் முடிந்த படம்' என்று ஹார்ட் டிஸ்க் விற்பவரிடம் கவனம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பழைய தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. சிதறிப்போன லயத்துக் குடும்பங்களைக் கூட்டி, அந்தக் காலம்போல் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்ட நினைத்தோம். சாப்பாட்டுச் செலவுக்குத் தலைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்).

பசியாறும் கடையில் பழக்கமான ஓர் அண்ணன் 80 பழைய தமிழ்ப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு 450 வெள்ளிக்குக் கொடுத்தார். "எல்லாமே காப்பிரைட் முடிஞ்சது தம்பி, எங்க வேணா போடலாம்." கூடவே சிவப்பு முத்திரை குத்திய ஒரு 'சான்றிதழ்'. அந்த முத்திரையில்தான் விழுந்தேன்.

படம் ஓடியபோது மூலையில் ஏதோ சேனலின் சின்னத்தை மறைத்த மங்கல் சதுரம். பாட்டிமார் அதைக் கண்டுகொள்ளவில்லை, வசனத்தைக் கூடவே சொன்னார்கள். வர முடியாதவர்களுக்காகப் போட்ட நேரலைதான் முதல் பாட்டு முடிவதற்குள் அறுந்தது. எங்கள் இணையப் பக்கத்துக்குக் காப்பிரைட் எச்சரிக்கையும் வந்தது. அண்ணனை அழைத்தால், "மெஷின் தப்பு தம்பி, ஃபேர் யூஸ்னு எழுதிப் போடுங்க" என்றார்.

அப்புறம்தான் பட்டியலை ஒழுங்காகப் பார்த்தேன். பாதிக்கு மேல் 1980-களில் வந்தவை! மலேசியச் சட்டத்தில் படம் வெளியான ஆண்டு முடிந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60. அதாவது 1976-இல் வந்த படத்துக்கு இங்கே 2026 முடியும்வரை, அங்கே 2036 வரை உரிமை உண்டு. பாட்டு வரிகளுக்குக் கணக்கே வேறு, எழுதியவர் இறந்த பிறகு இங்கே 50 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல், கூட்டிப் பாருங்கள்.

அவர் சொன்ன ஃபேர் யூஸ், அதாவது நியாயமான பயன்பாடு என்பது விமர்சனம், ஆய்வு, செய்தி போன்றவற்றுக்கு. முழுப் படத்தையும் ஓட்டிவிட்டு அதைச் சொல்ல முடியாது. இலாப நோக்கமில்லாத சங்கங்கள் அறப்பணிக்கோ கல்விக்கோ காட்டச் சட்டத்தில் சலுகை உண்டு, ஆனால் நுழைவுக் கட்டணம் கூடாது. நாங்களோ 5 வெள்ளி வாங்கினோம்.

எனக்கு எரிச்சல் அந்தச் சான்றிதழ்மேல்தான். உரிமை முடிந்திருந்தால் யாரிடமும் காகிதம் வாங்கவே தேவையில்லை. முடியாவிட்டால் அதைத் தர அவர் யார்?

பணம் திரும்பவில்லை, போனும் எடுப்பதில்லை. இப்போது கோயில் திருவிழாக் குழுக்களைச் சுற்றி வருகிறாராம். கறுப்பு டிஸ்க், சிவப்பு முத்திரை.