நியூஸ் எழுத மெஷின்: டெம்ப்ளேட்டா, ஜெனரேட்டிவ் ஏஐயா?

நியூஸ்ரூமுக்குள்ள ஏஐ வந்துடுச்சுன்னு இப்பதான் எல்லாரும் பேசுறாங்க, ஆனா மெஷின் செய்தி எழுதுறது 2014லயே நடந்துட்டு இருந்தது. அமெரிக்க செய்தி நிறுவனம் அசோசியேட்டட் பிரஸ் அந்த வருஷமே கம்பெனிகளோட காலாண்டு ரிசல்ட் செய்திய சாஃப்ட்வேர்கிட்ட விட்டாங்க, ஆளுங்க எழுதி காலாண்டுக்கு சுமார் 300 வந்துட்டிருந்த இடத்துல 3,000க்கு மேல வர ஆரம்பிச்சது. அது டெம்ப்ளேட். வாக்கியம் ஏற்கனவே மனுஷன் எழுதி வச்சது, நம்பர் மட்டும் டேட்டால இருந்து வந்து உக்காரும். ஜெனரேட்டிவ் ஏஐ வாக்கியத்தையே தானா உருவாக்குது, அடுத்து எந்த வார்த்தை வரும்னு கணிச்சு கணிச்சு.

படிக்க எது நல்லாருக்குன்னா ஜெனரேட்டிவ்தான், சந்தேகமே இல்ல. டெம்ப்ளேட் செய்தி ஒரே அச்சுல இருக்கும், லாபம் குறைஞ்சதுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது.

ஆனா தப்பு வந்தா என்ன ஆகுதுங்கிறதுதான் எனக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பேப்பர்ல நிலநடுக்க செய்திய டெம்ப்ளேட்ல எழுதுற சாஃப்ட்வேர் குவேக்பாட், அது 2017 ஜூன்ல சாண்டா பார்பரா பக்கம் 6.8 நிலநடுக்கம்னு செய்தி போட்டுடுச்சு, அது 1925ல நடந்தது! அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்துல பழைய ரெக்கார்ட திருத்தும்போது தப்பான அலர்ட் வெளிய போயிருக்கு, பாட் அத அப்படியே எடுத்துக்கிச்சு. பெரிய தப்புதான், ஆனா எங்கிருந்து வந்ததுன்னு உடனே பிடிக்க முடிஞ்சது.

டெக் செய்தி வெப்சைட் சிநெட்ல ஜெனரேட்டிவ் ஏஐயால நடந்தது வேற மாதிரி. 2022 கடைசில ஏஐ டூல வச்சு பணம் பத்தின விளக்கக் கட்டுரைகளா போட்டாங்க, பிரச்சனை வெளிய வந்தப்புறம் பாத்தா 77ல 41க்கு திருத்தம் போட வேண்டியதாச்சு. 10,000 டாலர 3% வட்டிக்குப் போட்டா முதல் வருஷம் 10,300 சம்பாதிப்பீங்கன்னு ஒண்ணு, நிஜத்துல கிடைக்கிறது 300 டாலர். இதெல்லாம் எடிட்டர் பாத்துதான் போச்சுன்னாங்க. வாக்கியம் அவ்ளோ சரளமா இருந்தா கண்ணு நிக்காம ஓடிடும், தப்பு இங்கதான் இருக்கும்னு தேட ஒரு இடமும் கிடையாது.

அதனால ரிசல்ட், ஸ்கோர், வானிலை, ஓட்டு எண்ணிக்கை இதெல்லாம் டெம்ப்ளேட்தான், யோசிக்கவே வேணாம். ஜெனரேட்டிவ்வ ரிப்போர்ட்டர் டேபிள்ல வச்சுக்கலாம், பேட்டி ஆடியோவ டைப் பண்ண, 400 பக்க அறிக்கைல எந்தப் பக்கத்த முதல்ல படிக்கணும்னு தேட, தலைப்புக்கு நாலு ஆப்ஷன் கேக்க. வாசகர் கைக்கு நேரா போறத அதுகிட்ட விடக்கூடாது. 2025 மே மாசம் சிகாகோ சன்-டைம்ஸ் பேப்பரோட வந்த இணைப்புல கோடைக்குப் படிக்க 15 புத்தகம்னு ஏஐய வச்சு போட்ட லிஸ்ட், எழுத்தாளருங்க எல்லாம் நிஜம், புத்தகத்துல 10 இல்லவே இல்ல. வெளிய இருந்து வாங்கின பக்கம் அது, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல யாரும் சரிபாக்கல.