நான்கு பூதங்களும் ஓர் ஊரின் கதைகளும்: இரண்டு போஸ்ட்-ஹார்ட்கோர் ஆல்பங்கள்

முழுவதையும் ஒரே கருவில் கோக்கும் கான்செப்ட் ஆல்பம் என்று அறிவித்துக்கொண்டு வரும் போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை வகை) ஆல்பங்களில் பல, கருவைப் பாடல் வரிகளின் பொறுப்பில் விட்டுவிட்டு, இசையை மட்டும் வழக்கமான தடத்திலேயே ஓட்டிச் செல்கின்றன. அந்தக் குறைக்கு ஆளாகாதவை என்று கலிஃபோர்னியாவின் த்ரைஸ் குழு வெளியிட்ட ‘தி ஆல்கெமி இண்டெக்ஸ்’, மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் லா டிஸ்ப்யூட் குழு 2011இல் வெளியிட்ட ‘வைல்ட்லைஃப்’ ஆகிய இரண்டையும் சொல்லலாம்.

த்ரைஸ் எடுத்துக்கொண்டது நான்கு பூதங்களை. (ஐம்பூதம் பழகிய நாம் ஆகாயத்தைத் தேடக்கூடும், இவர்கள் பின்பற்றியது கிரேக்க மரபு.) நெருப்பும் நீரும் 2007 அக்டோபரிலும், காற்றும் நிலமும் 2008 ஏப்ரலிலும், பகுதிக்கு ஆறு பாடல்களாக வெளிவந்தன. நெருப்பில் கனத்த கிட்டாரும் தொண்டை கிழியும் குரலும், நீரில் மின்னணுத் தாளமும் மிதக்கும் கீபோர்டும், நிலத்தில் அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவும் என, வரிகளைக் கவனிக்காதவருக்கும் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பது விளங்கிவிடுகிறது. காற்றுக்கு மட்டும் அப்படியொரு தனி ஒலி வாய்க்கவில்லை. மகனுக்குச் சிறகு செய்து கொடுத்து அவனை இழந்த தந்தையின் வாயிலாக ஒலிக்கும் ‘டெடலஸ்’ பாடலே அந்தப் பகுதியைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு பகுதியும் அந்தந்தப் பூதமே மனிதனை நோக்கிப் பேசும் சானெட் என்ற 14 வரிக் கவிதை வடிவப் பாடல் ஒன்றில் முடிவதும், நான்கு சானெட்டுகளின் இறுதி ஈரடிகளும் ஒரே மெட்டை வெவ்வேறு சுருதிகளில் பாடுவதும் இந்தத் திட்டத்தின் மிக நுட்பமான பகுதி.

‘வைல்ட்லைஃப்’ இத்தகைய கட்டடக்கலையை நாடவில்லை. கற்பனை எழுத்தாளர் ஒருவரின் கதைகளாக அமைந்த அதன் 14 பாடல்களில் நான்கு, அவரே தம் மனநிலையைப் பற்றி இடையிடையே எழுதும் குறிப்புகள். பிறருடைய துயரத்தை எடுத்து எழுதத் தமக்கு உரிமை உண்டா என்ற ஐயம் கதைக்குக் கதை இறுகிக்கொண்டே போகிறது. ‘கிங் பார்க்’ பாடலில் அது உச்சத்தை அடைகிறது. வேறொருவரைக் குறிவைத்த குண்டுக்குப் பலியான சிறுவன், பின்னர் விடுதி அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்ட கொலையாளி, இவர்களுக்கு நடுவே உருவமின்றி நின்று எல்லாவற்றையும் பார்க்கத் துடிக்கும் கதைசொல்லி என மூவரையும் ஏறத்தாழ ஏழு நிமிடங்களில் குழுவின் பாடகர் ஜோர்டன் டிரையரின் குரல் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தற்கொலை செய்துகொண்டால் சொர்க்கம் கிடைக்குமா என்று அந்தக் கொலையாளி கேட்க, முடிவை அறிய விரும்பாமல் கதைசொல்லி விடுதியை விட்டு விலகுவதோடு பாடல் நின்றுவிடுகிறது. கதைசொல்லியிடமும் பதில் இல்லை.

இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் தேர்வு ‘வைல்ட்லைஃப்’. த்ரைஸின் கரு முன்கூட்டியே வகுக்கப்பட்டது. பாடல்கள் அதை நிறைவேற்றுகின்றன. லா டிஸ்ப்யூட்டின் கருவோ பாடல்கள் நகர நகரத் தன்னையே கேள்விக்கு உட்படுத்துவதால், பாதியில் நிறுத்தினால் பாதிப் பொருள்தான் கைக்கு வரும். ஆனால் இந்த இசைக்குப் புதியவருக்கு, பேச்சும் கதறலும் கலந்த டிரையரின் குரல் ஆரம்பத்தில் ஒரு தடையாகவே இருக்கும். அத்தகைய புதியவர் த்ரைஸின் நிலப் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. 24 பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை. நான்கு சானெட்டுகளை மட்டும் தனியே அடுக்கி வரிசையாகக் கேட்டால், இறுதி ஈரடிகளில் அந்தப் பொது மெட்டு தானாகவே பிடிபட்டுவிடும்.