கசியும் ரேடியேட்டர்: இறுக்குவதா, மருந்து ஊற்றுவதா, மாற்றிவிடுவதா?

பிரிட்டனில் குளிர் தொடங்கி ஹீட்டிங் போட்ட முதல் சில நாட்களில்தான் பல வீடுகளில் ரேடியேட்டர், அதாவது பாய்லரில் சூடான நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு, கசிவது தெரியவரும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த இணைப்புகள் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, எங்கே பிடிப்பு குறைந்திருக்கிறதோ அங்கே சொட்ட ஆரம்பிக்கும். விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஸ்பேனரை எடுத்து இறுக்கு என்பார் ஒருவர். கசிவை அடைக்கும் மருந்து ஒரு டப்பா வாங்கி ஊற்று என்பார் இன்னொருவர். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு போடு என்பார் மூன்றாமவர். மூன்றும் சரியான யோசனைகள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு கசிவுகளுக்கானவை. எங்கிருந்து கசிகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு டாய்லெட் பேப்பர் ரோல் போதும். ரேடியேட்டரைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மேலே காற்றைத் திறந்துவிடும் முனை, வால்வின் தலைக்குக் கீழே உள்ள தண்டு, வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் பெரிய நட், செப்புக் குழாய் வந்து சேரும் சின்ன நட், ரேடியேட்டரின் அடிவிளிம்பு என ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டுப் பேப்பரை வைத்துவிட்டுக் காத்திருங்கள். சொட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தண்டில் கசிகிற நீர் குழாய் வழியே இறங்கித் தரைக்குப் பக்கத்தில்தான் சொட்டும். எந்தப் பேப்பர் முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. எதுவுமே நனையாமல் பாய்லரில் அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால், பழுது பாய்லருக்குள்ளேயே இருக்கலாம். அது நாம் கைவைக்கிற இடமில்லை.

நனைந்தது நட் பக்கம் என்றால், முதல் மருந்து ஸ்பேனர்தான். ஹீட்டிங்கை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்றால் வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டைக் கால் சுற்று இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரோடு பலத்தைக் காட்டினால் வால்வு திரும்பி, அதோடு குழாயும் வளைந்து, சொட்டாக இருந்தது ஓட்டமாகிவிடும். இங்கே பலரும், பிளம்பர்கள் கசிவைத் தடுக்கச் சுற்றும் மெல்லிய பிடிஎஃப்இ டேப்பை எல்லா மரையிலும் சுற்றுகிறார்கள். செப்புக் குழாய் சேரும் நட்டில் நீரைத் தடுப்பது மரை இல்லை. உள்ளே குழாயைக் கவ்வியிருக்கும் சின்னப் பித்தளை வளையம். அந்த மரையில் டேப் சுற்றிப் பயனில்லை. ரேடியேட்டருக்குள் திருகப்படும் முனை கசிந்தால் மட்டும் அதன் மரையில் டேப் சுற்றலாம்.

தண்டில் கசிவது இன்னும் எளிது. பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் லாக்‌ஷீல்டு வால்வில் இது அடிக்கடி வரும். தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையா? இரண்டு பக்க வால்வையும் மூடி, காற்று முனையைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, அந்த நட்டைக் கழற்றுங்கள். டேப்பைக் கயிறு போல முறுக்கித் தண்டைச் சுற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளி, மறுபடி நட்டைப் போடுங்கள். லாக்‌ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்றில் மூடியது என்று குறித்துவைத்து, அதே அளவு திறக்க வேண்டும். வெப்பம் அறைகளுக்குச் சமமாகப் பிரிவது அந்த அளவைப் பொறுத்தது. எண் போட்ட தலையுள்ள தெர்மோஸ்டாட் வால்வில் இந்த வேலையைச் செய்யப் போகாதீர்கள். பலவற்றின் உள்ளமைப்பு வேறு; வால்வையே மாற்றுவதுதான் சரி, அதற்கு அமைப்பில் உள்ள நீரை வடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கசிவடைக்கும் மருந்து. ஸ்பேனர் பிடிக்கத் தேவையில்லை, கை அழுக்காகாது, அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. ஆனால் அது கசிகிற ரேடியேட்டருக்கு மட்டும் போவதில்லை. அதே நீர்தான் பாய்லர், பம்ப், எல்லா வால்வுகள் வழியாகவும் சுற்றுகிறது. மெல்லிய ஊறலை அது அடைக்கும், தொடர்ந்து சொட்டுவதை அடைக்காது. சில பாய்லர் தயாரிப்பாளர்கள் இதைப் போட வேண்டாம் என்றே சொல்கிறார்கள், வாரன்டிக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் தரைக்குள் புதைந்த குழாய் ஊறுகிறது, உடைத்தால் பெரிய செலவு என்றால் இதை முயன்று பார்க்கலாம். கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ரேடியேட்டருக்கு நான் ஊற்றச் சொல்ல மாட்டேன்.

ரேடியேட்டரின் தகட்டிலேயே கசிகிறது, பெயின்ட் கொப்பளித்துப் பழுப்பு நீர் வருகிறது என்றால் வேறு பேச்சில்லை, மாற்றிவிடுங்கள். எஃகுத் தகடு உள்ளிருந்து துருப்பிடித்து இந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. மற்ற இடங்களிலும் மெலிந்துதான் இருக்கும். எபாக்சி புட்டி அப்பினால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். பதற வேண்டியதில்லை. இரண்டு வால்வையும் மூடிவிட்டால் அந்த ஒன்று மட்டும் தனியாகிவிடும், வீட்டின் மற்ற அறைகளுக்கு வெப்பம் வரும். புதியதை வாங்கும்போது நீள உயரத்தோடு இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அது பொருந்தினால் குழாயை வெட்டாமலே வேலை முடியும். பழசைக் கழற்றும்போது வரும் கறுப்புச் சேற்று நீர் கார்ப்பெட்டில் பட்டால் போகவே போகாது, அதனால் அகலத் தட்டும் பழைய துண்டுகளும் நிறைய வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வைப் பூஜ்யத்தில் வைத்ததால் மூடியாயிற்று என்று நம்பாதீர்கள். அறை குளிர்ந்தால் அது தானே திறக்கக்கூடும். தலையைக் கழற்றி, அதற்கான மூடியைத் திருகுங்கள். வேலை முடிந்ததும் பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்கும்படி நீர் ஏற்றி, துருத்தடுப்பு மருந்தையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இந்த மூன்றும் இல்லாமல் பல வீடுகளில் நடப்பது நான்காவது: கீழே ஒரு கிண்ணம், பாய்லரில் அவ்வப்போது நீர் ஏற்றல். இதுதான் ஆக மோசம். புது நீரோடு புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகிறது. ஒரு ரேடியேட்டரின் கசிவை ஆறப்போட்டால் மற்ற ரேடியேட்டர்களும் சேர்ந்து துருப்பிடிக்கும்.

ஆளை வைத்துச் செய்வதானால், ரேடியேட்டர் வேலைக்குச் சாதாரண பிளம்பரே போதும். கேஸ் வேலை செய்பவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு கட்டாயமாவது பாய்லரின் கேஸ் பாகங்களில் கைவைக்கும்போதுதான். இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்கள் ஸ்பேனரையே தொட வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுக்குக் குறைவான கால வாடகை வீடுகளில் ஹீட்டிங்கைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு. வால்வுகளை மூடுங்கள், படம் எடுங்கள், அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.