அலுமினிய ஜன்னலுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கிறீர்களா? மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வருஷம் எங்கள் திருவான்மியூர் வீட்டின் ஆறு அலுமினிய ஜன்னல்களையும் கழற்றி ஒரு பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியை அடித்துச் சூளையில் சுட்டு ஒட்டவைப்பது) பட்டறையில் கொடுத்தேன். மொத்தம் 14,000 ரூபாய். எது எந்த அறை என்று குழம்பக் கூடாதே என்று ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது காபி நிறத்தில் அப்படி ஒரு பளபளப்பு. மீதிப் பணத்தைக் கையோடு கொடுத்துவிட்டேன்.

எட்டே மாதம். மாடி ஜன்னலின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு கொப்புளம். நகத்தால் நெம்பினேன், அவித்த முட்டையின் தோல் மாதிரி வண்ணம் பட்டையாகக் கழன்று வந்தது. அடியில் வெறும் அலுமினியம். அதன் மேல் என் கையெழுத்தில் "மாடி 2". ஒரு எழுத்துகூட அழியவில்லை.

வயிறு எரிந்தது. அலுமினியத்தில் காற்று பட்ட உடனே கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உண்டாகிவிடும். அதன் மேல், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கோடு, வண்ணம் பிடித்து நிற்காது. அதனால்தான் முதலில் பிசுக்கை எடுத்து, ரசாயனத் தொட்டியில் முக்கி மேற்பரப்பை லேசாகக் கரைத்து, நன்றாக அலசி, குரோமேட் மாதிரி ஒரு பிடிமானப் பூச்சு கொடுப்பார்கள். காய்ந்த பிறகுதான் பவுடர் அடித்து 200 டிகிரி வாக்கில் சூளையில் சுடுவது. கரைக்கும் தொட்டியில் ஒருமுறை முறையாக முக்கியிருந்தால் அந்தப் பென்சில் எழுத்து மிஞ்சியிருக்குமா?

"கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது?" என்றார் பட்டறைக்காரர். உப்புக்காற்றில் வண்ணத்துக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு ஓடும், அது உண்மைதான். அதைத் தடுக்கத்தானே அத்தனை தொட்டிகள்! பில்லில் "பவுடர் கோட்டிங் – 6" என்பதோடு சரி, தொட்டி வேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் சரிசெய்ய ஒரு பெயின்டரை அனுப்பினார். அவர் கையில் கம்பி நாரும் ரெட் ஆக்ஸைடு பிரைமரும். வாசலிலேயே தடுத்துவிட்டேன். ரெட் ஆக்ஸைடு இரும்புக்கானது. கம்பி நாரின் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால், ஈரக்காற்றில் அந்த இடமே அரிக்க ஆரம்பிக்கும். கையால் அடிப்பதானால் நைலான் நாரால் தேய்த்துத் துடைத்து, எட்ச் பிரைமரை (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) மெல்லிசாகக் கொடுத்துவிட்டுத்தான் மேல் வண்ணம்.

இப்போது வேறு பட்டறை. தொட்டிகளை நேரில் பார்த்தேன். குரோமேட்டில் முக்கி எடுத்த சட்டம் இளமஞ்சளாக இருந்தது (குரோமியம் இல்லாத பூச்சுகளில் பெரும்பாலும் நிறம் தெரியாது, அதனால் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும்). ஒரு துண்டுச் சட்டத்துக்கும் சேர்த்துக் கோட்டிங் போடச் சொன்னேன். அதில் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தார்கள். ஒரு கட்டமும் பெயரவில்லை. வண்ணப் பூச்சின் கனம் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கப்புறம்தான் மீதிப் பணம் கொடுத்தேன்.

பழைய பட்டறைக்கு மூன்று மாதமாக நடக்கிறேன். "மாடி 2" போட்டோவை நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவோடு இணைத்திருக்கிறேன்.